செல்வி தொட்டால் கிளம்பும் வண்டி

புது வண்டி வீட்டுக்கு வந்து இருபத்துமூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதைக் கொண்டுபோய்க் கண்மாயில் தள்ளிவிட்டு வந்தால் என்ன என்று சிவபாண்டிக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் போதுமா, மனசு வர வேண்டாமா? ஒன்பது வருஷம் ஓர் ஓட்டை மொபெட்டில் ராஜபாளையம் முழுக்கத் தடதடத்துக்கொண்டு திரிந்த மனிதன். நாற்பத்திரண்டு வயசில்தான் இந்தக் கறுப்பு மோட்டார் சைக்கிள் அவன் வாசலுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து துடைக்கிறான், துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறான், மறுபடியும் போய்த் துடைக்கிறான். டேங்கின் மேல் காக்கா எச்சமிட்டதற்கு முருங்கை மரத்தையே வெட்டப் போனவன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு கோளாறு. காலையில் கிளம்பாது. கிளம்பவே கிளம்பாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கிளம்பும், ஆனால் ஆளைக் கெஞ்ச வைத்துவிட்டுத்தான் கிளம்பும். சாவியைத் திருகுவான், திருகிய வேகத்திலேயே பட்டனை அமுக்குவான். 'கிர்ர்ர்' என்று இழுக்கும், பிடிக்காது. சாவியை மூடித் திறந்து மறுபடி அமுக்குவான். அப்போதும் 'கிர்ர்ர்'தான். நாலு தடவை, ஐந்து தடவை ஆன பிறகு, போனால் போகிறது என்று ஒருவழியாக உயிர் வரும். ஓடிச் சூடாகிவிட்டால் தொல்லை இல்லை. ரெண்டு மூணு மணி நேரம் சும்மா நின்றுவிட்டால் திரும்பவும் அதே கூத்து.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சிவபாண்டி ஒரு ஃபிட்டர். நூல் மில்லில் பதினெட்டு வருஷ சர்வீஸ். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் சூப்பர்வைசர் முதலில் தேடுவது அவனைத்தான். அப்பேர்ப்பட்டவன் சொந்த வாசலில், சொந்த வண்டி மேல் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவன் எல்லாம் வேடிக்கை பார்க்க 'கிர்ர்ர்' வாசித்துக்கொண்டிருந்தால் மானம் என்னத்துக்கு ஆகும்?

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. அவன் மனைவி பாண்டிசெல்வி தொட்டால் அந்த வண்டி முதல் தடவையிலேயே கிளம்பிவிடும்.

செல்வி வ. புதுப்பட்டி என்கிற கிராமத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் அப்பாவின் வண்டியில் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோய்ப் பழகியவள். இப்போது தளவாய்புரத்தில் நைட்டிக் கம்பெனியில் தையல் வேலை. காலையில் இவன் வாசலில் வேர்த்து விறுவிறுத்து நிற்கும்போது, அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். "தள்ளுங்க" என்பாள். ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி, ஹேண்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பெருமாளே, நல்லபடியாக் கொண்டுபோயிக் கொண்டுவந்து சேரு" என்று சொல்லிவிட்டு, செத்த நேரம் சும்மா இருந்து, பட்டனை அமுக்குவாள். டுப். அவ்வளவுதான்.

"வண்டி பெட்ரோல்ல ஓடுதா, ஒன் பெருமாள்ல ஓடுதா?" என்று முதல் நாளே இவன் எகத்தாளம் பேசியிருந்தான்.

"ரெண்டுலயும் ஓடுது. நீங்க ஒண்ணை மட்டுந்தான ஊத்துதீக?" என்றாள் அவள்.

அந்த ஒரு வார்த்தை அவனைக் குத்திக்கொண்டே இருந்தது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு எடுத்துப் பார்க்கலாம்தான். யாரும் பார்க்காத நேரத்தில் செய்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவனுக்குத் தெரியுமே. கும்பிட்டு ஒரு வேளை கிளம்பிவிட்டால்? பதினெட்டு வருஷம் ஸ்பேனர் பிடித்த கைக்கு அதைவிடக் கேவலம் வேறு உண்டா? வீம்பு பிடித்தவன், கும்பிடவில்லை.

அதற்குப் பதிலாக வண்டியைத் தலைகீழாகத்தான் புரட்டிப் பார்க்கவில்லை, மற்ற எல்லாம் செய்தான். பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தான், சரியாக இருந்தது. ஒயர் முனைகளைக் கழற்றிச் சுரண்டி மாட்டினான். பிளக்கைக் கழற்றினான், அது பளபளவென்று இவனைப் பார்த்துச் சிரித்தது. தென்காசி ரோட்டு பங்கில் போடுகிற பெட்ரோல் சரியில்லை என்று சந்தேகப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தான். ஸ்டாண்டை எடுத்துப் போட்டு, கிளட்ச்சைப் பிடித்து விட்டு, வண்டியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரித்துக் குலுக்கியும் பார்த்தாயிற்று. டீக்கடையில் ஒருவர் சோக்கைப் போடச் சொன்னார். இந்த வண்டியில் சோக்கே கிடையாது என்றால் நம்ப மாட்டேன் என்று சண்டைக்கு வந்தார். வண்டியோடு ஒரு புத்தகம் தந்திருந்தார்கள். அதற்குக் குங்குமம் வைத்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகியாயிற்று. அதை யார் பிரித்துப் படித்தார்கள்!

வண்டி வாங்கிய கடை ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே மாரீஸ்வரன் என்று ஒரு மெக்கானிக், முப்பது வயசுக்குள் இருக்கும், பொறுமைசாலி. மூன்று தடவை கொண்டுபோய் விட்டான் சிவபாண்டி. மூன்று தடவையும் ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் எடுத்துப் பார்த்தார்கள். மாரீஸ்வரன் சாவியைத் திருகுவான், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து அட்டையில் எழுதுவான், பேனாவைப் பையில் சொருகுவான், பட்டனை அமுக்குவான். டுப்.

"அண்ணே, வண்டி தங்கமா இருக்கு. எந்தக் கோளாறும் இல்லை."

"அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துது?"

"அதை எப்படிண்ணே நான் சொல்ல முடியும்?" என்று மாரீஸ்வரன் தலையைச் சொறிந்தான்.

இப்படியே போயிருந்தால் காலத்துக்கும் 'கிர்ர்ர்' போட்டுக்கொண்டே ஓட்டியிருப்பான். வினை புதன்கிழமை வந்தது. காலை ஷிப்டு ஏழு மணிக்கு. ஆறே முக்காலுக்கு வாசலில் வழக்கம்போல வண்டி முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்து மச்சினன் சங்கிலிப்பாண்டி வந்திருந்தான். செல்வியின் தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ்காரன், வாய் கொஞ்சம் நீளம். தோட்டத்துத் தேங்காய்ப் பை ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு, காபியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தான். எதிர்வீட்டுச் சுடலைமாடத்தி கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். அந்தத் தெருவில் பேச்சைப் பரப்ப அவள் ஒருத்தி போதும்.

ஆறு தடவை ஆயிற்று. செல்வி வந்தாள். தொட்டாள், கும்பிட்டாள், அமுக்கினாள். டுப்.

"மச்சான், அதுக்கு ஒங்களைப் பிடிக்கலை. சொன்னாக் கோவிச்சுக்காதீக, ராசின்னு ஒண்ணு இருக்குல்ல? பேசாம எங்கிட்டக் குடுத்துருங்க. என் ஸ்கூட்டரை எடுத்துக்கிடுங்க. அது நல்ல பிள்ளை, யாரு அமுக்கினாலும் கிளம்பிரும்" என்றான் சங்கிலிப்பாண்டி.

சுடலைமாடத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிவபாண்டிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ரோஷம் வந்ததோ!

"ஏலே மாப்ள, இந்தா கேட்டுக்கோ. வர்ற சனிக்கிழமைக்குள்ள இதோட கோளாறை நான் கண்டுபிடிக்கலைன்னா வண்டியை நீயே எடுத்துக்கோ. நான் ஒன் ஸ்கூட்டர்ல போறேன். போதுமா?" என்று மச்சினன் உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் பண்ணினான்.

பண்ணிவிட்டு மில்லுக்குப் போகிற வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். ஒன்பது வருஷம் ஏங்கி வாங்கிய வண்டியை ஒரு நிமிஷ ரோஷத்தில் பணயம் வைத்துவிட்டானே! ஆனால் தெரு சாட்சியாகக் கையடித்தது அடித்ததுதான். அந்த ஊர்ப் பக்கத்தில் அதை மாற்றிப் பேசினால் அப்புறம் நல்லது கெட்டதுக்கு நாலு பேர் முன்னால் நிற்க முடியாது. வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேலை விட்டு வந்து வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சோறுகூட இறங்கவில்லை. ஒன்றும் புலப்படவில்லை.

அந்தச் சனி, புரட்டாசிச் சனி. செல்விக்கு வருஷம் தவறாமல், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் மலை மேல் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்த்தாக வேண்டும். அதிகாலையில் இருவரும் கிளம்பினார்கள். வாசலில் இவன் ஐந்து தடவை அமுக்கித் தோற்றான். அவள் ஒரே தடவையில் எடுத்தாள். எடுத்தவள் இறங்கவுமில்லை.

"பின்னால ஏறுங்க. இன்னைக்கு நானே ஓட்டுதேன்."

சிவபாண்டி பின்னால் ஏறிக்கொண்டான். பஞ்சு மார்க்கெட் தாண்டும்போது மில்லுக்காரர்கள் ரெண்டு பேர் கைகாட்டிச் சிரித்தார்கள். இவன் மலைப் பக்கம் திரும்பி, மேகத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

மலையடிவாரத்தில் சரியான கூட்டம். சங்கிலிப்பாண்டிக்கு அங்கேதான் டூட்டி. ஓர் ஓரமாக இடம் பிடித்து வைத்திருந்து, பக்கத்தில் தன் ஸ்கூட்டரையும் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தான். "மேல போயிச் சாமி கும்பிட்டு வாங்க மச்சான், ஒண்ணும் அவசரமில்லை" என்றான். அந்த மரியாதைதான் சிவபாண்டிக்குத் தாங்கவில்லை. வரிசையில் நின்று, படியேறி, பெருமாளைப் பார்த்துவிட்டு இறங்க மூன்று மணி நேரம் ஆயிற்று. சந்நிதியில் நிற்கும்போது, 'வண்டியை மட்டும் எங்கிட்டயே விட்டுரு' என்று அவன் மனசுக்குள் ஒரு வார்த்தை போட்டுவைத்தான். செல்வியிடம் அதைச் சொல்லவில்லை.

கீழே வந்ததும் அமுக்கிப் பார்த்தான். வண்டி ஆறிப்போயிருந்தது. கிர்ர்ர். சாவியை மூடித் திறந்தான், அமுக்கினான். கிர்ர்ர். சங்கிலிப்பாண்டி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாவம் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டான். சிவபாண்டிக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. நாற்பத்திரண்டு வயசு ஆம்பிளை, அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஒரு வண்டிக்காக அழ முடியுமா?

"ஏட்டி செல்வி, கடைசியா ஒரு தடவை நீ எடு. நான் கிட்டத்துல நின்னு பாக்குதேன்" என்றான்.

அவள் ஏறினாள். இவன் குனிந்து அவள் கையையே பார்த்தான். சாவி திரும்பியது. ஹேண்டிலைத் தொட்டாள், கண்ணில் ஒற்றினாள், பெருமாளைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகும் ஒரு விநாடி கட்டைவிரல் பட்டன் மேல் சும்மா நின்றது. அதன் பின்தான் அமுக்கினாள். டுப்.

"நிப்பாட்டு. கும்பிட்டு முடிச்ச பொறவு என்னத்துக்குக் காத்துக்கிட்டு இருந்த?"

"சத்தம் நிக்கட்டும்னு."

"என்ன சத்தம்?"

"என்ன சத்தமா? சாவி போட்டதும் உள்ளுக்க முனங்குதுல்ல, அதான். வண்டி முழிக்குதுன்னு நெனைச்சுக்கிடுவேன். முழிச்ச பொறவு அமுக்குவேன்."

"அப்படி ஒரு சத்தமும் கிடையாது" என்றான் சிவபாண்டி.

செல்வி வண்டியை அணைத்துவிட்டுச் சாவியை மறுபடி திருகினாள். "இந்தா... இந்தா கேக்குதா? நின்னுருச்சு."

"என்ன கேக்குது?"

"ஆமா மச்சான், ஙொய்யின்னு கேக்குது. எனக்கே கேக்குதே!" என்றான் சங்கிலிப்பாண்டி.

அக்காளும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்று சிவபாண்டிக்குக் கோபம் வந்தது. "யாருகிட்ட காதுல பூச்சுத்துதீக?" என்று எகிறினான். பக்கத்தில் துளசி மாலை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, யாரும் கேட்காமலே, "கேக்குதுய்யா, வண்டு மாதிரி கேக்குது" என்றாள். அவளுக்கு எழுபது வயசாவது இருக்கும்.

சிவபாண்டி உடனே மாரீஸ்வரனுக்குப் போன் போட்டான். மாரீஸ்வரன் என்ன கத்தினாலும் அந்தக் கூட்டத்தில் இவனுக்குப் பிடிபடவில்லை. செல்விதான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, அது டேங்குக்குள்ள இருக்க பம்பு. சாவி போட்டதும் மூணு செகண்டு ஓடி பெட்ரோலை ஏத்தும். அது நின்ன பொறவுதான் பட்டனை அமுக்கணும். பெட்ரோல் ஏறுததுக்குள்ள நீங்க அமுக்கினா எப்படிப் பிடிக்கும்? பழைய மொபெட் மாதிரி கிடையாதுல்ல!"

"இதை ஏன்டே மூணு தடவை வந்தும் எங்கிட்டச் சொல்லலை?"

"சத்தம் கேக்கும்போது யாரும் தன்னால செத்த நிப்பாகண்ணே. கேக்கலைன்னு நான் எப்படி நெனைப்பேன்?"

சிவபாண்டி குனிந்து டேங்கில் காதை வைத்தான். "போடு" என்றான். செல்வி சாவியைத் திருகினாள். ஒன்றுமே இல்லை. மறு காதை வைத்தான். அதிலும் இல்லை. அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவன், தன் தலையின் ரெண்டு பக்கமும் இருப்பதை ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷமாகத் தினம் எட்டு மணி நேரம் மெஷின்களுக்கு நடுவில் நின்றாயிற்று. அங்கே ஒருத்தரோடொருத்தர் கையை ஆட்டித்தான் பேசிக்கொள்வார்கள். காதில் வைக்கப் பஞ்சுத் தக்கை தருவார்கள், அதை இவன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். பேரிங் போய்விட்டதா என்று பார்க்கக்கூட மெஷின் மேல் உள்ளங்கையைத்தான் வைத்துப் பார்ப்பான்.

உள்ளங்கை!

காதை எடுத்துவிட்டுக் கையை டேங்கின் மேல் பதித்தான். "இப்பப் போடு" என்றான். செல்வி திருகினாள். லேசாக, மிக லேசாக, கைக்குள் ஓர் அதிர்வு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று அடங்கியது.

"இறங்கு, இறங்கு, நீ இறங்கு!" என்று பரபரத்தான். வண்டியை அப்போதே எடுத்தால் அது கணக்கில் சேராது என்று சங்கிலிப்பாண்டி போலீஸ் புத்தியைக் காட்டினான். நன்றாக ஆற வேண்டுமாம். சரி என்று ஆளுக்கு ரெண்டு புளியோதரைப் பொட்டலம் வாங்கித் தின்றுவிட்டு, மரத்தடியில் ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். சங்கிலிப்பாண்டி கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போய்ப் போய் வந்தான். வரும்போதெல்லாம் எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சூடு இருக்கு மச்சான்" என்றான். பாவி, விட்டால் சாயங்காலம் வரை இழுத்திருப்பான்.

கடைசியில் சரி என்றான். சிவபாண்டி ஏறி உட்கார்ந்தான். இடது உள்ளங்கை டேங்கில். வலது கையால் சாவியைத் திருகினான். அதிர்ந்தது, அதிர்ந்தது, அடங்கியது. அமுக்கினான்.

டுப்.

முதல் தடவை! அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகவே கேட்டது. அணைத்தான், ஹாரன் அடித்தான், மறுபடி எடுத்தான், கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா முறுக்கினான். துளசி மாலைக்கார அம்மாளுக்குக் கும்பிடு போட்டான். சின்னப் பிள்ளை கெட்டது போங்கள்!

"சனிக்கிழமை இன்னும் முடியலைடா மாப்ள. ஒன் ஸ்கூட்டரை நீயே வச்சுக்கோ" என்றான்.

"வச்சுக்கிடுதேன், வச்சுக்கிடுதேன்" என்று சங்கிலிப்பாண்டி தொப்பியை மாட்டிக்கொண்டு சிரித்தான். அவனுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

திரும்பும்போது சிவபாண்டி ஓட்டினான், செல்வி பின்னால். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, ராஜபாளையம் ரோட்டில் வயல் வெளி வந்ததும் அவள் அவன் தோளில் ரெண்டு தட்டுத் தட்டினாள். ஓரமாக நிறுத்தினான். பஞ்சர் என்று நினைத்துச் சக்கரத்தைப் பார்த்தான். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். கண் நிறைந்திருந்தது.

"என்னாச்சு? ஏட்டி, என்னன்னு சொல்லு."

"அடுப்படியில நின்னு நான் கூப்பிடுதது ஒங்களுக்குக் கேக்குமா, கேக்காதா?"

"எப்பக் கூப்பிட்ட?"

"எப்பவா? தெனமும்! காபி வாங்க, எண்ணெய் டப்பாவை எடுத்துக் குடுங்க, இங்க கொஞ்சம் வாங்கன்னு. நீங்க பாட்டுக்கு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீக. வேணும்னேதான் இருக்காருன்னு நெனைச்சேன். புருசனுக்கு நம்ம குரலு புளிச்சுப்போச்சுன்னு நெனைச்சேன். மூணு வருஷமா ஒங்க மேல கோவமா இருக்கேன் நான்."

"கோவமாவா? நீயா?" சிவபாண்டி திகைத்துப்போனான். "எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னேன். அதுவும் அடுப்படியிலேருந்துதான் சொன்னேன்."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷமாக ஒருத்தி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து ஏமாந்திருக்கிறாள், அவன் பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. அவள் மேல் அவ்வளவு பிரியமாகவும் இருந்தது.

"நீ கூப்பிட்டு நான் வராம இருப்பேனா செல்வி?" என்றான். "திங்கக்கிழமை லீவு போடுதேன். காது டாக்டர்ட்டப் போவோம். மில்லுல அந்தத் தக்கையையும் ஒழுங்கா வைக்குதேன். சத்தியமா."

"இன்னொரு சத்தியமா? சாமி, போதும். ஒருத்தர் கையிலயும் போயி அடிச்சுக் குடுத்துராதீக" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏறுங்க, போவோம்."

அவன் டேங்கில் கையை வைத்தான், சாவியைத் திருகினான், அடங்கும்வரை இருந்தான், அமுக்கினான். சூடான வண்டி, உடனே கிளம்பியது. கொஞ்ச தூரம் போயிருப்பார்கள், முதுகில் மறுபடியும் ஒரு தட்டு விழுந்தது. வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பினான்.

"என்ன?"

செல்வி முன்னால் சாய்ந்து, அவன் காதுக்கு நேரே வாயை வைத்துக் கத்தினாள்.

"ஒண்ணுமில்லை! சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்!"